மலை மாமன் பிடித்த கலவா

திருத்தணி தாலுகா ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், வழிப்பாதைத் தகராறு என்று அடுத்தவர் குறையை எழுதி எழுதியே என் பேனாக்கள் தேய்ந்தன. “அம்மா, எங்க வூட்டு ஆளு நல்லவரு, அத்த ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க” என்று கேட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. இனியும் வரமாட்டார்கள். அதனால் யாரும் கேட்காமலே நானே எழுதுகிறேன். இதில் குறை எதுவும் இல்லை, கோரிக்கையும் இல்லை. என் வீட்டுக்காரரைப் பற்றிய பெருமை மட்டும்தான். பெண்டாட்டி புருஷனைப் புகழ்ந்தால் உங்களுக்குச் சிரிப்பு வருமென்றால் சிரித்துவிட்டுப் படியுங்கள்.

அவர் பெயர் வீரபத்திரன். பெயரைக் கேட்டால் மீசையும் வாளும் ஞாபகம் வரும். ஆளைப் பார்த்தால் கொடியில் காயப்போட்ட துண்டு மாதிரி இருப்பார். மலைக்கு ஆட்டோ ஓட்டுகிறார். கீழே பஸ் ஸ்டாண்டில் ஆட்களை ஏற்றி மேலே கோயில் வாசலில் இறக்கி, மறுபடி கீழே வருவார். வாழ்க்கை முழுக்க ஏறி இறங்குகிறவருக்குப் பேச்சு குறைவு. வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் நானே பேசிவிடுவதால் அவருக்கு மிச்சம் எதுவும் இல்லை என்று என் நாத்தனார் சொல்வார். இருக்கலாம்.

அவருக்கு இருக்கும் ஒரே பைத்தியம் தூண்டில். மழை பெய்து கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஏரி நிரம்பினால் போதும், ஆட்டோவைக் கரையில் நிறுத்திவிட்டு விராலுக்கு உட்கார்ந்துவிடுவார். விரால் பிடிப்பது பொறுமையின் வேலை. அது இரையைக் கவ்வியதும் இழுக்கக் கூடாது. இழுத்தால் வெறும் தூண்டில் முள்தான் வரும். தூண்டில் நரம்பை விட்டுக்கொடுத்து, அது நகர்ந்துபோய் நிதானமாக விழுங்கும்வரை காத்திருந்து, அப்புறம் ஒரே சுண்டு. இந்தக் காத்திருக்கும் வேலையை அவரைப்போலச் செய்ய எங்கள் பக்கம் ஆள் கிடையாது. என்னோடு குடும்பம் நடத்துகிறாரே, அதுவே சாட்சி.

ஆனால் நான் சொல்ல வந்தது ஏரி மீன் கதை அல்ல. கடல் மீன் கதை. திருத்தணியில் ஏது கடல் என்றுதான் அந்தக் குப்பத்து ஜனங்களும் கேட்டார்கள்.

அவருக்கு ஒரே அக்கா, அனுசுயா. என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணத்துக்கு முன்னால் தினமும் ரயிலில் சென்னைக்குப் போய் ஒரு துணிக் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தார். அங்கே ஜெனரேட்டர் பார்க்க வந்த மெக்கானிக் விஜயன். எண்ணூருக்கு அப்பால் ஒரு மீனவக் குப்பத்துப் பிள்ளை. பார்த்தார்கள், பேசினார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். என் மாமனாரை வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்த நைனா, “எனக்குப் பொண்ணே பொறக்கல” என்று சொல்லி வாசலில் தண்ணீர் தெளித்தார். வீட்டில் யாரும் அக்கா பெயரை எடுக்கக் கூடாது. அப்போது மீசைகூட ஒழுங்காக முளைக்காத தம்பி மட்டும் யாருக்கும் சொல்லாமல் ரயிலேறிக் குப்பத்துக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருவார்.

அந்த நாட்களில் ஒருநாள் அவர் மலைப்படி ஏறிப்போய் முருகனிடம் ஒரு வேண்டுதல் வைத்தார். அக்காவை நைனா திரும்ப வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டால், மாசம் தவறாமல் கிருத்திகை அன்று ஒருவேளைச் சாப்பாடு, கவுச்சி தொடுவதில்லை, உயிர் இருக்கிறவரைக்கும்.

சௌமியா பிறந்தபோது நைனா பிளாஸ்க்கில் பால் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றார். பேத்தியைக் கையில் வாங்கியதும் எல்லாம் கரைந்துபோனது. தம்பியின் விரதம் மட்டும் கரையவில்லை. கிருத்திகை அன்றுதான் மலைக்குக் கூட்டம் குவியும், ஆட்டோவுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அன்றைக்கும் விடியலில் படியேறிக் கும்பிட்டுவிட்டு வெறும் வயிற்றோடுதான் வண்டியை எடுப்பார். எங்கள் ஊரில் கிருத்திகைக்கு விரதம் இருப்பவர்கள் நிறையப் பேர். அதனால் அண்ணி இதைத் தம்பியின் சாதாரண பக்தி என்று நினைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் கல்யாணமான புதிதில் இவர் காரணத்தைச் சொன்னார்.

“அக்காவாண்ட சொல்லிடாத தமயந்தி. தெரிஞ்சா அழுதுகினே இருக்கும்.”

வாயை அடக்க முடியாத நான் இதை மட்டும் அடக்கி வைத்திருந்தேன். அதற்கே எனக்கு ஒரு மெடல் கொடுக்கலாம்.

சௌமியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது அதே குப்பத்தில், நாலு வீடு தள்ளி. மாப்பிள்ளையின் பெரியப்பா ராஜமாணிக்கம்தான் அந்தத் தெருவுக்குப் பெரிய தலை. கடலில் அடிபட்டுத் தடித்த குரல். காதோடு பேசினாலும் கரைவரைக்கும் கேட்கும். தாம்பூலம் மாற்றிய கையோடு அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் நடக்கும் முதல் விருந்தில், பெண்ணின் தாய்மாமன் தன் கையால் தூண்டில் போட்டுப் பிடித்த கலவா மீன் குழம்பில் கொதிக்க வேண்டும். வலையில் விழுந்தது ஆகாது. சந்தையில் வாங்கியது ஆகவே ஆகாது. கடல்காரர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சௌமியாவின் தாய்மாமன் கடல்காரர் இல்லையே!

“மாமன் மலையிலேர்ந்து வராரு” என்றார் ராஜமாணிக்கம். “கலவா கொண்டாருவாரா, இல்ல நம்ம எல்லாருக்கும் மொட்டை போட்டு வுட்டுடுவாரா?”

பந்தல் மொத்தமும் சிரித்தது. அண்ணியும் சிரித்தார். ஆனால் அவர் விரல் முந்தானை நுனியைச் சுற்றிச் சுற்றி முறுக்கியதை நான் பார்த்தேன். வாழ வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் அவருக்கு ‘ஏரிக்கரைக்காரி’ என்றுதான் பெயர். ஆசையாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் இத்தனை வருஷமாகியும் சொந்த ஊர்க்காரி என்று ஒருவரும் சொல்லவில்லை.

ராஜமாணிக்கம் கெட்ட மனிதர் இல்லை. உடனே இறங்கி வந்தார். “கஷ்டப்படாதீங்க மாமா. எங்க பசங்க புடிச்சு உங்க கையில குடுத்துடுவானுங்க. நீங்க தட்டுல வெச்சுத் தூக்கிகினு வந்தா போதும்.”

“வாணாங்க” என்றார் என் வீட்டுக்காரர். “நானே புடிச்சுக் கொண்டாறேன்.”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். பேசாத மனிதர், வருஷத்துக்கு ஒருமுறை வாயைத் திறந்தார், அதுவும் இப்படி. இடுப்பில் கிள்ளினேன். அவருக்கு உறைக்கவே இல்லை.

அந்த நேரத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்கு இரண்டு முகூர்த்த நாள் சொல்லி, எது வேண்டும் என்று கேட்டார்கள். அண்ணி காலண்டரைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. “முதல் நாளே இருக்கட்டும். மறுநாள் கிருத்திகை. எங்க முருகன் நாள்ல என் வூட்ல முதல் விருந்து நடக்கட்டும்” என்றார். திருத்தணியில் பிறந்தவர்களுக்குக் கிருத்திகையைவிட நல்ல நாள் வேறு ஏது? அது நல்ல நாள் என்பது அண்ணிக்கு ஞாபகம் இருந்தது. அன்று பிறந்த வீட்டில் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள் என்பது மறந்துபோயிருந்தது.

திரும்பும்போது ரயிலில் நான் கேட்டேன். “விருந்து கிருத்திகையில வருதே, பார்த்தீங்களா?”

“பார்த்தேன். அக்கா மூஞ்சைப் பார்த்தியா, எவ்ளோ சந்தோஷம்? நான் புடிச்சுக் குடுக்கத்தானே போறேன். துன்னப் போறது அவங்கதானே.”

அதோடு முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து படையெடுப்பு ஆரம்பமானது. சவாரியை விட்டுவிட்டு விடியற்காலை ரயில் ஏறுவார். பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்துக் குப்பத்துக்குப் போவார். கடல் அரிக்காமல் இருக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீளமாகப் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல் இடுக்குகளில்தான் கலவா குடியிருக்கும்.

முதல் ஞாயிறு என்ன எடுத்துக்கொண்டு போனார் தெரியுமா? கண்டிகை வயல் வரப்பில் தோண்டிய மண்புழு, ஒரு கொட்டாங்கச்சி நிறைய. விஜயன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு மணலில் உட்கார்ந்து சிரித்தாராம்.

“இது கலவாடா மச்சான், கெண்டை இல்ல. உசுரோட எறா கோத்துப் போடு. இல்லாட்டி கடம்பா, அதான் கணவா, அத்த நீட்டமா நறுக்கிப் போடு.”

இறால் கோத்தார். கலவாவும் கடித்தது. கை பழகிய பழக்கம், விராலுக்கு விடுவதுபோல நரம்பை விட்டுக்கொடுத்துக் காத்திருந்தார். கலவாவிடம் அந்தப் பருப்பு வேகாது. அது வேட்டைக்கு வெகுதூரம் போகிற மீன் இல்லை. வீட்டு வாசலிலேயே நின்று, பக்கத்தில் வருவதை வாயைத் திறந்து அப்படியே உறிஞ்சிவிட்டு உள்ளே திரும்பிவிடும். உள்ளே போய்விட்டால் செவுளை விரித்து, முதுகு முள்ளை நிமிர்த்தி, தன்னையே ஆப்பு மாதிரி இடுக்கில் அடித்துக்கொள்ளும். நீங்கள் இழுக்க இழுக்க நரம்பு கல்லில் உரசி அறுந்துபோகும். அன்றைக்கு அறுந்தது. அடுத்த வாரமும் அறுந்தது.

“வாயில வெச்ச நொடியே இஸ்துத் திருப்பிடணும். அத்த வூட்டுக்குள்ள போகவுடாத” என்று விஜயன் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். “ஆங், சரி பாவா” என்பார் இவர், அக்கா புருஷனிடம். மறுபடி கடிக்கும். கை மறுபடி காத்திருக்கும். பிறந்ததிலிருந்து காத்திருந்து பழகிய கையை நாலு வாரத்தில் எப்படித் திருத்துவது?

வீட்டுக்கு வரும்போது உப்பு பூத்த சட்டையும் வெறும் பையும்தான். குப்பத்துப் பிள்ளைகள் அவருக்கு ‘மலை மாமன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் கத்தினேன். “ஆழம் தெரியாம காலை வுட்டுட்டு, இப்ப எத்தினி வாரம் இப்படி? அந்தப் பசங்க புடிச்சுக் குடுக்கிறத வாங்கிகினா இன்னா கொறைஞ்சா போயிடும்?” அவர் கையைக் கழுவிக்கொண்டே, “அக்கா கொறைஞ்சு போயிடும்” என்றார். அதற்கப்புறம் நான் கத்தவில்லை.

கத்தாதது மட்டுமல்ல, உதவியும் செய்தேன். கல்லுக்குள் தூண்டில் போட்டால் இரை அடியில் இறங்கக் கட்டும் ஈயக்குண்டு எங்கேயாவது மாட்டிக்கொள்ளும், குண்டோடு முள்ளும் போய்விடும். ஈயத்துக்குப் பதில் இவர் ஆட்டோவின் தேய்ந்துபோன ஸ்பார்க் பிளக்கைக் கட்ட ஆரம்பித்தார். மெக்கானிக் ஷெட்டில் அது குப்பையாகக் கிடக்கும். பிளக் போனால் போகட்டும், முள் போகாமல் இருக்க வேண்டுமே? நான் பள்ளிப்பட்டு நெசவுக்காரர் வீட்டுப் பெண். என்னைப் பெற்ற நைனாவின் தறியிலிருந்து பருத்தி நூல் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தேன். பிளக்கை நரம்பில் நேராகக் கட்டாமல் அந்த நூலில் தொங்கவிட்டார். பிளக் மாட்டினால் நூல் மட்டும் அறுந்து பிளக் போகும், நரம்பும் முள்ளும் தப்பும். விஜயன் அண்ணன் அதை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, “பரவால்லியே, தறிக்காரி மூளை” என்றார். பாராட்டை நான் மறுக்கவில்லை.

கல்யாண வாரம் பிறந்தது. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. கல்லின் மேல் நிற்கவே முடியவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாளும் அலை அடங்கவில்லை. என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை அழைப்பில் கலந்துகொண்டார் என்றுதான் பெயர், கண் கடல் மேலேயே இருந்தது. ராஜமாணிக்கம் பக்கத்தில் வந்து, இந்தத் தடவை கேலி இல்லாமல், தணிந்த குரலில் சொன்னார்: “இன்னும் ஒண்ணும் கெட்டுப்போவல மாமா. பசங்களை அனுப்பவா?” இவர் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாமென்று.

மறுநாள் காலை முகூர்த்தம். தாய்மாமன் பட்டம் கட்டினார், சௌமியாவைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்துவந்தார், எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. சாப்பாடு முடிந்து போட்டோக்காரன், “தாய்மாமன் குடும்பம் வாங்க” என்று கூப்பிட்டான். குடும்பம் என்று நான் ஒருத்திதான் நிற்கிறேன். தாய்மாமனைக் காணோம்.

எனக்கு எங்கே என்று தெரிந்துபோனது. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். நடக்க நடக்கக் கோபம் ஏறியது. ஆனால் காற்று விழுந்திருந்தது. அலை தணிந்து, கல்லைத் தொட்டுத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. கல் வரிசையின் நடுவில், நெற்றியில் சந்தனம், இடுப்பில் மடித்துக் கட்டிய பட்டு வேட்டி, கையில் நரம்பு. அவரேதான்.

“போட்டோ எடுக்கக் கூப்பிட்டுகினு இருக்காங்க, நீங்க இங்க...”

“கத்தாத” என்றார் திரும்பாமலே.

அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அப்படியே ஒரு கல்லில் குந்திவிட்டேன். அவர் ஆள்காட்டி விரலில் நரம்பு இழைந்துகொண்டிருந்தது. பாறைக்கும் பாறைக்கும் நடுவே தண்ணீர் கறுத்துக் கிடந்த ஓர் இடம். அங்கேதான் இரை இறங்கியிருந்தது.

விரல் துடித்தது. “இழுங்க!” என்று நான் எழுந்தேன். அவர் இழுக்கத்தான் போனார், நான் பார்த்தேன். ஆனால் கை ஒரு கணம் தயங்கியது. பாழாய்ப்போன விரால் பழக்கம். அந்த ஒரு கணம் போதும் அதற்கு. நரம்பு சரசரவென்று கல்லுக்குள் ஓடி நின்றது. மீன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. போச்சு. நாளைக்கு விருந்து. அண்ணி யாரோ பிடித்த மீனை வைத்துக்கொண்டு காலம் முழுக்க ஏரிக்கரைக்காரியாக இருக்க வேண்டியதுதான். நான் வாய்விட்டே அழுதேன்.

அவர் இழுக்கவில்லை. மற்ற வாரமெல்லாம் பதறிப்போய் இழுத்து இழுத்து அறுத்தவர், அன்றைக்கு நரம்பைத் தொளதொளவென்று விட்டுவிட்டு, என் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“இன்னாங்க உக்காந்துட்டீங்க?”

“அதுக்குக் காத்திருக்கத் தெரியுமா எனக்குத் தெரியுமான்னு பார்ப்போம்” என்றார். “எவ்ளோ நேரம் செவுளை விரிச்சுகினே இருக்கும்? யாரும் இஸ்க்கலன்னா அப்பால வெளியில வந்துதானே ஆவணும்.”

உட்கார்ந்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். மண்டபத்து மேளச் சத்தம் நின்று, மறுபடி சினிமாப் பாட்டு ஆரம்பித்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தியாகங்களில் அதுவும் ஒன்று. தொங்கிக் கிடந்த நரம்பு மெல்ல, யாரோ தொட்டுப் பார்ப்பதுபோல, வெளிப்பக்கமாக நகர்ந்தது. அவர் எழுந்திருக்கவுமில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே காலைக் கல்லில் ஊன்றி ஒரே இழுப்பு.

நரம்பு விறைத்தது. அடியில் பிளக் எதிலோ மாட்டியது. டக்கென்று ஓர் அதிர்ச்சி, என் நைனாவின் தறி நூல் அறுந்தது, பிளக் கடலோடு போனது. மீன் மேலே வந்தது. நான் கொடுத்த நூல் அறுக்க வேண்டிய நேரத்தில் அறுந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அப்பா, என்ன மீன்! என் முழங்கைக்கு மேல் நீளம். பழுப்பு உடம்பெல்லாம் செம்புள்ளி. தடித்த உதடு, முன்னே துருத்திய தாடை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மனுவோடு போய் நின்றால் ஆபீஸில் ஒரு முகம் காட்டுவார்களே, அசல் அந்த முகம். பட்டு வேட்டியில் சேறும் செதிலும் ஒட்ட, அதைச் செவுளில் பிடித்துத் தூக்கிக்கொண்டு அவர் கரைக்கு நடந்தார். “மலை மாமன் புடிச்சுட்டாரு!” என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு முன்னால் ஓடினார்கள். மண்டப வாசலில் ராஜமாணிக்கம் நின்றார். மீனை வாங்கி, வாயைத் திறந்து முள் மாட்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இவர் தோளில் போட்டார்.

போட்டோவில் என் வீட்டுக்காரர் கையில் அந்த மீன் இருக்கிறது. என் கண் மை கன்னத்தில் இருக்கிறது. இரண்டும் நன்றாகத்தான் வந்திருக்கின்றன.

மீனை ஐஸ் பெட்டியில் வைத்து, மறுநாள் அண்ணி வீட்டில் குழம்பு கொதித்தது. வாசனை தெருமுனைவரைக்கும் போனது. கிருத்திகை விரதக்காரர் பந்தலுக்கு வெளியே நின்று வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். பந்தி உட்கார்ந்தது. சோறு விழுந்தது. ஒருவரும் கை வைக்கவில்லை.

“மாமன் எங்க?” என்று ராஜமாணிக்கத்தின் குரல் எழுந்தது. “அவர் மொத வாய் வெச்சாத்தானே நாங்க வெக்க முடியும்?”

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தப் பாதி வழக்கத்தை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அங்கே பிறந்தவர்களுக்கு அது சொல்லவே தேவையில்லாத விஷயம். அதற்குள் இரண்டு பேர் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து முதல் இலையில் உட்காரவைத்துவிட்டார்கள். இலையில் மீன் தலை வந்து விழுந்தது. அவர் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தார்.

கரண்டியோடு நின்ற அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. “ஐயோ தம்பி... இன்னிக்குக் கிருத்திகை! நான்தானே இந்த நாளைக் கேட்டு வாங்கினேன்” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

பந்தியில் முணுமுணுப்பு. “ஒரு வாய்தானே மாமா, சாமி கோச்சிக்குமா?” என்றது ஒரு குரல். இன்னொரு குரல், “அவருக்கு முடியலன்னா வேற யாரையாச்சும் மாமன் எடத்துல குந்தவெச்சு ஆரம்பிங்கப்பா, சோறு ஆறுது” என்றது. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, பசியில் சொன்னது. ஆனால் அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. அந்த முகத்தை அவர் தம்பி பார்த்தார். கும்பிட்ட கையை இறக்கினார். இலைப் பக்கம் நீட்டினார்.

அக்காவுக்காக எடுத்த விரதத்தை அக்காவுக்காகவே உடைக்கப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது.

“கைய எடுங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் பந்தல் அடங்கியது. ராஜமாணிக்கத்தின் குரல்கூட அவ்வளவு தூரம் போயிருக்காது. “இது சும்மா பக்தி விரதம் இல்லீங்க. அண்ணியை வூட்ல சேர்க்காம வாசல்ல தண்ணி தெளிச்சாங்க பாருங்க, அன்னிக்கு இந்த மனுஷன் மலையேறி வேண்டிக்கினது. அக்காவை நைனா திரும்ப சேர்த்துகினா உயிருள்ளவரைக்கும் கிருத்திகையில கவுச்சி தொடமாட்டேன்னு. சௌமியா பொறந்தப்போ சேர்த்துகினாங்க. அதுலேர்ந்து ஒரு மாசம் தவறல. இந்தத் தெருவுல உங்க மருமகளா அவங்க தலைநிமிர்ந்து நிக்கறாங்கன்னா, அதுக்குப் பின்னாடி இவரோட பட்டினி இருக்கு. இப்ப சொல்லுங்க, வேற மாமனைக் குந்தவெக்கறீங்களா?”

அடக்கிவைத்ததெல்லாம் போய்விட்டது. மெடலும் போனது. அண்ணி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, தம்பியின் தலையை அப்படியே வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். “எனக்குச் சொல்லலியேடா” என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ராஜமாணிக்கம் எழுந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

“சட்டியை மூடுங்கடா” என்றார். “எல்லா எலையிலேர்ந்தும் மீனை எடுங்க. ரசம் கொண்டா, அப்பளம் கொண்டா. மீன் கொழம்பு மறுநாள்தான் ருசின்னு இந்தக் குப்பத்துல எவனுக்கும் தெரியாதா? மாமனுக்குக் கிருத்திகைன்னா இன்னிக்கு நமக்கும் கிருத்திகை.”

கடலைத் தின்று வளர்ந்த அந்தத் தெரு, அன்றைக்கு ரசமும் அப்பளமும் அவசரத்துக்கு வதக்கிய கத்தரிக்காயும் சாப்பிட்டது. மீன் வாசனையை மூக்கில் வைத்துக்கொண்டு ரசம் குடிப்பது சாதாரண விஷயம் இல்லை. ஒரு பொடிசு அழுதது, அதன் அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். நான் பார்த்த விருந்துகளிலேயே அதுதான் பெரிய விருந்து என்று கோர்ட்டில் வேண்டுமானாலும் எழுதிக் கொடுப்பேன்.

மறுநாள் காலை மறுபடியும் பந்தி. ஆவி பறக்க இட்லி, ஒரு ராத்திரி ஊறிய குழம்பு. ராஜமாணிக்கம் தன் கையாலேயே மீன் தலையை என் வீட்டுக்காரர் இலையில் வைத்தார். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி அண்ணியைப் பார்த்து, “எங்க வூட்டுப் பொண்ணோட தம்பிம்மா, சும்மாவா?” என்றாள். ஏரிக்கரைக்காரி என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

அவர் இட்லியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தார். பந்தல் முழுக்கக் கைகள் இலைக்கு இறங்கின. கலவாத் தலையில் எல்லாவற்றையும்விட ருசி கன்னத்துச் சதைதான். அதைப் பிடித்தவன்தான் தின்ன வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். இவர் அதை முள்ளில்லாமல் விரலால் எடுத்தார். எழுந்தார். பரிமாறிக்கொண்டிருந்த அண்ணியின் வாயில் ஊட்டிவிட்டார். அண்ணி மென்றுகொண்டே அழுதார். பெண்கள் பந்தியிலிருந்து பார்த்த எனக்கும் கண்ணில் தண்ணீர். கூடவே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் எரிச்சலும்தான். கத்தி மானத்தைக் காப்பாற்றியது நான். நூல் கொடுத்தது நான். கன்னம் அக்காவுக்கா?

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். மீன் தலையை மெதுவாகத் திருப்பிப் போட்டார். மீனுக்கு இரண்டு கன்னம் உண்டு என்பதை நான் மறந்துவிட்டேன். அந்தப் பக்கத்துச் சதையை எடுத்துக்கொண்டு, அவ்வளவு ஜனத்தின் முன்னால் பந்தலைக் கடந்து, பெண்கள் பந்தியில் என் இலை முன்னால் வந்து குனிந்தார்.

“இந்தா, தமயந்தி” என்றார். “வாயைத் தெற.”

அதைத் திறக்கச் சொல்லி அவர் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.